வாட்டர் கூலிங் கணினியில் கிராபிக்ஸ் கார்டின் மெமரிச் சூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, சனிக்கிழமை மாலைகளில் பழுது பார்க்கும் மேசையாகிவிடும். நண்பர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தண்ணீர் ஒழுகுகிறது என்று வருபவர்கள் குறைவு. தண்ணீர் குளிர்ச்சி போட்டும் கிராபிக்ஸ் கார்டின் மெமரி கொதிக்கிறது என்று வருபவர்களே அதிகம். ஒரே பதிலைப் பல பேருக்குத் தொலைபேசியில் சொல்லிச் சலித்ததால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தண்ணீர் கூலிங் போட்டாச்சு, கோர் 52 டிகிரிதான் இருக்கு. மெமரி மட்டும் 100 காட்டுது. அப்போ தண்ணீர் வேலை செய்யலையா?

வேலை செய்கிறது, ஆனால் எதைத் தொடுகிறதோ அதைத்தான் அது குளிர வைக்கும். கார்டின் நடுவில் இருக்கும் கோர், அதாவது கணக்குப் போடும் முதன்மைச் சில்லு, வாட்டர் பிளாக்கின் (உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டையின்) செப்புப் பரப்போடு சூடு கடத்தும் பேஸ்டை முடியளவு மட்டும் இடையில் வைத்து ஒட்டி நிற்கிறது. மெமரிச் சில்லுகள் அதைச் சுற்றி, உயரத்தில் சற்றுத் தாழ்ந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதை நிரப்புவது மெத்தென்ற ஒரு ரப்பர்த் துண்டு, அதாவது தெர்மல் பேட். அந்தத் துண்டு சரியில்லை என்றால், பிளாக்கில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் சில்லுக்கு அது பக்கத்து வீட்டு ஏர்கான் மாதிரிதான்.

ஆகவே கோரின் எண்ணைப் பார்த்து மெமரியைப் பற்றி முடிவு செய்யக் கூடாது. இரண்டும் ஒரே பிளாக்கின் கீழ் இருந்தாலும் இரண்டுக்கும் வழி வேறு.

மெமரின்னா மதர்போர்டுல செருகுற ரேம்தானே?

இல்லை. இங்கே பேசுவது கிராபிக்ஸ் கார்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் சில்லுகளைப் பற்றி. ஒவ்வொன்றும் 14 மில்லிமீட்டர் நீளம், 12 மில்லிமீட்டர் அகலம். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. மதர்போர்டு ரேம் சாதாரணப் பயன்பாட்டில் இந்த அளவுக்குச் சூடாவதில்லை.

பழைய கார்டுகளில் இந்தப் பேச்சே இல்லையே. இப்போது மட்டும் ஏன்?

பேச்சு பெரிதானது 2020 செப்டம்பருக்குப் பிறகுதான். அப்போது வெளிவந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளில் மைக்ரான் நிறுவனத்தின் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி வந்தது. அதற்கு முந்தைய மெமரிகள் ஒரு கம்பியில் இரண்டு மின்னழுத்த நிலைகளை மட்டும் வைத்துப் பேசின. இது நான்கு நிலைகளை வைத்துப் பேசுகிறது. 3090 கார்டில் ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 19.5 கிகாபிட், கார்டு முழுவதற்கும் நொடிக்கு 936 கிகாபைட் என்று தரவு பாய்கிறது. அத்தனை வேகத்துக்கு உரிய விலையைச் சூடாகக் கொடுத்தாக வேண்டும். 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டோடு வந்த ஜிடிடிஆர்7 மூன்று நிலைகளைப் பயன்படுத்துகிறது. தொழில்நுட்பம் மாறினாலும், சில்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது என்ற சங்கதி மாறவில்லை.

எத்தனை டிகிரி வரைக்கும் பயப்படாம இருக்கலாம்?

ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகள் 110 டிகிரி செல்சியசைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அது கடைசிச் சுவர்; அதுவரை போகலாம் என்ற அனுமதி அன்று. என் கணக்கு இதுதான்: ஏர்கான் இல்லாத அறையில் 90க்குள் இருந்தால் கார்டைத் தொடாதீர்கள். 90க்கும் 100க்கும் இடையே இருந்தால் ஒரு மாதம் கவனியுங்கள். மணிக்கணக்கில் 100க்கு மேல் நின்றால் திறந்துதான் பார்க்க வேண்டும். முழு வாட்டர் பிளாக் போட்ட கார்டு என்றால் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன்; அதில் 85ஐத் தாண்டினாலே பேடைச் சந்தேகிப்பேன்.

சூடு ஏன் கெடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை மெமரி ஒவ்வொரு பிட்டையும் மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக வைத்திருக்கிறது. அது ஓட்டைக் குடம். வற்றுவதற்குள் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். சூடு ஏற ஏற ஓட்டை பெரிதாகிறது. அதோடு, ஜிடிடிஆர்6எக்ஸ் பிழை நேர்ந்தால் அந்தத் தரவை மறுபடி அனுப்பச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளும். அதனால் கணினி உறைந்து நிற்காமல், விளையாட்டு மட்டும் காரணம் தெரியாமல் மந்தமாகும். பலர் இதை டிரைவர் கோளாறு என்று நினைத்து விண்டோஸையே புதிதாகப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

எந்த மென்பொருளில் பார்ப்பது? என்னுடையதில் அந்த வரியே இல்லை.

விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் மெமரி ஜங்ஷன் என்று ஒரு வரி இருக்கும். பொதுவாக அது சில்லுகளின் சராசரியைக் காட்டாமல், இருப்பதிலேயே சூடான சில்லின் அளவைக் காட்டும். பதினோரு சில்லுகள் ஒழுங்காக இருந்து ஒன்று மட்டும் பேடைத் தொடாமல் நின்றாலும், உங்களுக்குத் தெரிவது அந்த ஒன்றின் கதைதான்.

என்விடியாவின் ஜிடிடிஆர்6 கார்டுகள் பலவற்றில், எடுத்துக்காட்டாக ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டில், இந்த வரியே வராது. அது உங்கள் தவறில்லை. அண்மைய ஏஎம்டி கார்டுகளில் மெமரிச் சூடு தெரியும். வரி இல்லாதவர்கள் கார்டின் பின்தகட்டில், சில்லுகளுக்கு நேர் பின்னால், ஒரு சிறிய வெப்பமானிக் கம்பியை டேப்பால் ஒட்டி, பேட் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது உண்மையான சூட்டைச் சொல்லாது; ஏறியதா இறங்கியதா என்பதைச் சொல்லும்.

சிங்கப்பூர் வெக்கைல தண்ணீர் கூலிங்கால என்ன பிரயோஜனம்?

சுற்றி வரும் தண்ணீரின் சூட்டை ஃபேன் வைத்துக் காற்றில் விடுவது ரேடியேட்டர். அது தண்ணீரை அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அறை 31 டிகிரி என்றால், நல்ல ரேடியேட்டர் இருந்தும் தண்ணீர் 38, 40 என்று நிற்கும். அதே கணினியை ஏர்கான் போட்ட 24 டிகிரி அறையில் வைத்தால் தண்ணீரும் ஏறத்தாழ 7 டிகிரி இறங்கும், மெமரியும் அதே அளவு இறங்கும். குளிர்நாடுகளில் 20, 21 டிகிரி அறையில் எடுத்த அளவுகளைப் பார்த்துவிட்டு, தம் கார்டு கெட்டுவிட்டது என்று வருந்துபவர்கள் முதலில் ஒரு 10 டிகிரியைக் கூட்டிக்கொண்டு பிறகு வருந்தலாம்.

வைக்கும் இடமும் முக்கியம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே திணித்து வைத்தால், ரேடியேட்டர் தான் விட்ட வெந்த காற்றையே மறுபடி இழுக்கும். இரைச்சல் தாங்காமல் ஒரு நண்பர் கணினியை வீட்டுப் பாதுகாப்பறையில் வைத்து இரும்புக் கதவைச் சாத்தியிருந்தார். அவசரகாலத்தில் ஒதுங்குவதற்காக வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீட்டில் கட்டப்பட்ட அந்த அறைக்குத் தடித்த கான்கிரீட் சுவர். கதவை மூடினால் காற்றோட்டம் மிகக் குறைவு. மூன்று மணி நேரத்தில் தண்ணீர் 55 டிகிரி. கதவைத் திறந்து வைத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அவர் எனக்கு இரவுச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

பெரிய ரேடியேட்டர் மாத்தினா மெமரி குறையுமா?

வாங்குவதற்கு முன் ஒரு கழித்தல் கணக்குப் போடுங்கள். அறை 31, தண்ணீர் 40, மெமரி 100 என்று வைத்துக்கொள்வோம். மெமரிக்கும் அறைக்கும் இடையே உள்ள 69 டிகிரியில், தண்ணீருக்கும் அறைக்கும் இடையே இருப்பது 9 மட்டும். ரேடியேட்டரால் கை வைக்க முடிந்தது அந்த 9இல்தான். அதில் பாதியைக் குறைத்தாலும் மெமரி 95க்கு மேல்தான் நிற்கும். மீதி 60 டிகிரி சில்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே, அதாவது பேட் இருக்கும் இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

மாறாக, தண்ணீர் 52, மெமரி 86 என்று இருந்தால் பேட் நன்றாகவே இருக்கிறது. ரேடியேட்டரையோ ஃபேனையோ கவனிக்க வேண்டும். ஆகவே தண்ணீரின் சூட்டைக் காட்டும் ஓர் உணரி, இன்னொரு ரேடியேட்டரைவிட முதலில் வாங்க வேண்டிய பொருள்.

தண்ணீர் முதல்ல சிபியுவுக்குப் போகணுமா, கார்டுக்குப் போகணுமா?

குழாய் எப்படிச் சுருக்கமாக அமைகிறதோ அப்படிப் போடுங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற ஏறத்தாழ 70 வாட் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் சுற்றில், 400 வாட் உமிழும் கார்டைக் கடந்து வரும் தண்ணீர் ஒன்றரை டிகிரிகூட ஏறாது. மெமரியில் 20 டிகிரியைத் தேடுபவருக்கு இந்த ஒன்றரை டிகிரி ஒரு பொருட்டன்று.

பேட் என்ன தடிமன் வாங்கணும்? ஒருத்தர் 1, ஒருத்தர் 1.5, ஒருத்தர் 2ங்கறாங்க.

மூவரும் அவரவர் பிளாக்குக்குச் சரியாகவே சொல்லியிருப்பார்கள். தடிமனை முடிவு செய்வது கார்டின் பெயர் அன்று. அதன் மேல் உட்காரும் பிளாக்கின் வார்ப்பு. அதே 3090 கார்டுக்கு ஒரு நிறுவனத்தின் பிளாக் 1 மில்லிமீட்டர் கேட்கும், இன்னொன்று 0.5 கேட்கும். பிளாக்கோடு வந்த தாளில் எங்கே எந்தத் தடிமன் என்று படம் போட்டிருக்கும். அந்தத் தாளைத் தூக்கி எறிந்தவர்கள் தயாரிப்பாளரின் தளத்தில் அதையே தேட வேண்டும். மெமரிக்கு ஒரு தடிமன், மின்வழங்கல் பாகங்களுக்கு வேறு தடிமன் என்று இருப்பதும் வழக்கம்.

தடிமன் கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். கூடினால் பிளாக் பேட்களின் மேல் ஏறி நின்றுவிடும். கோர் சரியாகத் தொடாமல் அதன் சூடு எகிறும். திருகை இன்னும் இறுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் பலகை வளையும். குறைந்தால் கோர் ஜம்மென்று இருக்கும், மெமரி காற்றில் நிற்கும். முதல் கேள்வியில் சொன்ன 52க்கு 100 என்ற நிலை பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது.

பொருந்தியிருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் பூட்டி, கணினியை ஓட்டாமலேயே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நன்றாக அழுந்திய பேடின் மேல் சில்லின் நாற்புற விளிம்பும் பதிந்திருக்கும்; சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சில்லின் மேல் பொறித்த எழுத்துகள்கூடக் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழாகத் தெரியும். பேடின் மேற்பரப்பு பொட்டலத்தில் வந்தபோது இருந்த வரிகளோடு அப்படியே இருந்தால், அந்தச் சில்லு தொடவில்லை என்று பொருள். கோரின் மேல் பேஸ்ட் நாலா பக்கமும் மெல்லியதாகப் பரவியிருக்கிறதா என்பதையும் அதே பார்வையில் பார்த்துவிடலாம்.

பாக்கெட்ல 12, 15ன்னு நம்பர் போட்டிருக்கு. பெரிய நம்பரா பார்த்து வாங்கினா போதாதா?

அந்த எண் பேட் சூட்டைக் கடத்தும் திறனைக் குறிக்கிறது. பாக்கெட்டில் அச்சிட்ட எண் எல்லாம் மெய்யென்றே வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். ஒரு சில்லு 3 வாட் உமிழ்வதாகக் கொள்ளுங்கள். 1 மில்லிமீட்டர் தடிமனும் 6 என்ற எண்ணும் கொண்ட பேட் நன்றாக அழுந்தியிருந்தால், அதன் இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3 டிகிரி வேறுபாடு வரும். எண்ணை 15 ஆக்கினால் அது 1.2 ஆகும். அதிக விலை கொடுத்து நாம் வாங்கியது 2 டிகிரிகூட இல்லை.

இப்போது தடிமனைத் தவறவிடுவோம். 2 மில்லிமீட்டர், எண் 3 என்றால் 12 டிகிரி. பேட் மெலிந்து, நடுவே 0.1 மில்லிமீட்டர் காற்று புகுந்துவிட்டால், அந்தக் காற்று வழியாக மட்டும் 3 வாட் போவதற்குக் கணக்குப்படி ஏறத்தாழ 69 டிகிரி வேண்டும். நடைமுறையில் சூடு பலகை வழியாகவும் தப்பிப் போவதால் அவ்வளவு ஏறாது; ஆனாலும் தாள் அளவு காற்று என்ன செய்யும் என்பது புரியும். எண் பெரிதாக இருக்கும் பேட்கள் பலவும் கல்போல இறுகியவை என்பது இன்னொரு தொல்லை. அவை அழுந்த மறுத்து, கோரை மேலே தூக்கிவிடும். என்னைக் கேட்டால், நடுத்தர எண்ணும் மிருதுவான பதமும் உள்ளதையே வாங்கச் சொல்வேன்.

பேடுக்குப் பதிலா பேஸ்டைத் தடவிடலாமா? புட்டின்னு ஒண்ணு விக்கிறாங்களே?

கோருக்குத் தடவும் பேஸ்ட், முடியளவு இடைவெளிக்கானது. 1 மில்லிமீட்டர் இடைவெளியில் அது நிற்காது; சூட்டில் இளகி ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பிளாக் தயாரிப்பாளரே பேஸ்ட் போடச் சொல்லியிருந்தால் மட்டும் போடுங்கள். திரவ உலோகத்தை மெமரிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

புட்டி வேறு. பிசைந்த மாவு பதத்தில் இருக்கும். எவ்வளவு இடைவெளியோ அவ்வளவுக்குத் தானே நசுங்கிக்கொள்ளும். தடிமன் தெரியாத பழைய பிளாக்குகளுக்கு நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். சில்லின் நடுவில் சுண்டைக்காய் அளவு உருண்டை வைத்துப் பிளாக்கை இறக்கினால் போதும். அடுத்த முறை கழற்றும்போது வழித்து எடுக்கப் பொறுமை வேண்டும்.

3090ல பின்பக்கமும் மெமரி இருக்காமே. பிளாக் முன்னாடிதானே இருக்கு?

ஆம். 3090 கார்டின் 24 கிகாபைட், தலா 1 கிகாபைட் கொண்ட 24 சில்லுகளாக, முன்னால் பன்னிரண்டும் பின்னால் பன்னிரண்டுமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பின்னால் இருப்பவை கோருக்கு முதுகு காட்டி நிற்பதால் அதன் சூட்டையும் சேர்த்து வாங்குகின்றன. 2022 மார்ச்சில் வந்த 3090 டிஐ, அதே ஆண்டு அக்டோபரில் வந்த 4090 ஆகியவற்றில் தலா 2 கிகாபைட் சில்லுகள் பன்னிரண்டும் முன்பக்கமே வந்துவிட்டன. 3090 வைத்திருப்பவர்களுக்கே இந்தத் தலைவலி.

பின்சில்லுகளுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே பேட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பின்தகட்டின் மேல் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனை நேராக ஊதவிடுங்கள். இது மலிவான வழி, பலருக்கு இதுவே போதும். தகட்டின் மேல் சிறிய அலுமினிய மடிப்புத் தகடுகளை ஒட்டினால் அந்தக் காற்றுக்குப் பிடிப்புக் கூடும். தண்ணீர் ஓடும் பின்தகடும் 3090 கார்டுக்கென்று விற்கப்பட்டது. உங்கள் பிளாக்குக்கு உரியது கிடைத்தால் அதுதான் சிறந்தது.

கோருக்கு மட்டும் சின்ன ஏஐஓ மாட்டியிருக்கேன். மெமரிக்கு என்ன செய்ய?

ஏஐஓ என்பது பம்பும் ரேடியேட்டரும் சேர்ந்தே வரும் தயார்நிலைத் தண்ணீர்க் கூலர். அதை மாட்டப் பழைய ஃபேன் கூலரைக் கழற்றியபோது மெமரியின் மேல் வீசிக்கொண்டிருந்த காற்றையும் சேர்த்தே கழற்றிவிட்டீர்கள்; கோர் குளிர்ந்து மெமரி முன்பைவிடச் சூடாவது அதனால்தான். ஒவ்வொரு சில்லின் மேலும் சிறிய ஹீட்சிங்க் (சூட்டைக் காற்றில் விடும் அலுமினிய மடிப்புத் தகடு) ஒட்டி, ஒரு ஃபேன் அதன் மேல் கட்டாயம் ஊத வேண்டும். ஹீட்சிங்கின் ஒட்டுப்பசை சூட்டில் இளகும். கார்டு படுக்கையாகச் செருகியிருக்கும்போது சில்லுகள் கீழ்நோக்கித் தொங்குவதால் அது ஒரு நாள் விழும். கீழே இன்னொரு கார்டு இருந்தால் அலுமினியம் எதையாவது குறுக்கே தொட்டுவிடக்கூடும். ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளுக்கு இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

2015இல் ஏஎம்டியின் ஃபியூரி எக்ஸ் கார்டு கோருக்கு ஏஐஓ போட்டே வந்ததே என்று சிலர் கேட்பார்கள். அதில் இருந்தது எச்பிஎம் மெமரி. அது கோரோடு ஒரே தட்டில், ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதனால் ஒரே பிளாக் இரண்டையும் தொட்டது.

கேம் விளையாடும்போது 78. வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டினா 96. ரெண்டும் கார்டைத்தானே பயன்படுத்துது?

பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. விளையாட்டில் கோருக்கு வேலை அதிகம். மெமரிக்கு நடுநடுவே மூச்சுவிட இடம் கிடைக்கும். ஏஐ மொழி மாடல் ஒவ்வொரு சொல் துணுக்கை எழுதும்போதும் மாடல் முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை படிக்கிறது. 16 கிகாபைட் மாடல் என்றால், நொடிக்கு 936 கிகாபைட் தரும் 3090 அதை நொடிக்கு அதிகபட்சம் 58 முறைதான் படிக்க முடியும். ஆகவே அந்த நேரம் முழுவதும் மெமரி இடைவிடாமல் ஓட, கோர் பாதி நேரம் தரவுக்காகக் காத்திருக்கிறது.

இங்கே இரண்டாவது சிக்கல் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. ஃபேன் வேகத்தைக் கோரின் சூட்டோடு இணைத்திருந்தால், கோர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நம்பி ஃபேன்கள் தூங்கும். ரேடியேட்டர் ஃபேனைத் தண்ணீரின் சூட்டோடும், பின்தகட்டு ஃபேனை ஒரே நிலையான வேகத்திலும் வையுங்கள். அதோடு மெமரி வேகத்தைச் சற்றுக் குறைத்தால் சூடு இறங்கும். எழுதும் வேகமும் அதே அளவு இறங்கும். கார்டின் மொத்த வாட் வரம்பைக் குறைப்பது பலகையின் சூட்டைத் தணித்து மறைமுகமாக உதவும்.

செகண்ட்ஹேண்ட் கார்டு, மைனிங் ஓடினதுன்னு சொல்றாங்க. வாங்கலாமா?

எத்தீரியம் என்ற மின்னியல் நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கை, அதாவது கார்டுகளை இரவு பகலாகக் கணக்குப் போடவைத்து நாணயம் ஈட்டும் முறையை, கைவிட்டபின் அப்படிப்பட்ட கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன, இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எத்தீரியம் மைனிங் என்பது முந்தைய பதிலில் சொன்ன ஏஐ வேலையைப் போலவே மெமரியை வாட்டுவது. பேட் புதிதாகப் போட்டால் நன்றாக ஓடும் கார்டுகள் இவற்றில் பல உண்டு.

நான் வாங்கிய ஒன்றைச் சொல்கிறேன். ஓர் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் நுழைவாயிலில் கைமாறியது. முழு பிளாக் போட்ட 3090. வீட்டில் ஓட்டினால் மெமரி 106. திறந்தபோது முன்பக்கப் பேட்கள் பழைய முறுக்குபோல நொறுங்கின; பலகையில் எண்ணெய் படலமாகப் படர்ந்திருந்தது. மூன்று சில்லுகளின் மேல் மட்டும் பேட் மிருதுவாக, வாங்கியபோது இருந்த வரிகளோடு அப்படியே இருந்தது. அவை பிளாக்கைத் தொட்டதே இல்லை. யாரோ துண்டு போதாமல் 1 மில்லிமீட்டர் இடத்தில் 0.5 வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் துடைத்து, ஒரே தடிமனில் வைத்து, திருகுகளைக் குறுக்குமறுக்காகக் கால்சுற்று கால்சுற்றாக இறுக்கினேன். அதே அறை, அதே தண்ணீர், மெமரி 80. விற்றவரிடம் அரை மணி நேரம் ஓட்டியபின் மெமரிச் சூட்டைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை முன்பே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்.

கார்டுக்கு அடியில ஈரமா இருக்கு. தண்ணீர் ஒழுகுதா?

முதலில் கணினியை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு மெல்லிய தாளால் ஒற்றி, இரு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழுக்கலாக, மணிக்கணக்கில் காயாமல் இருந்தால் அது பேடிலிருந்து கசியும் சிலிக்கோன் எண்ணெய். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடலாம். ஆனால் பேட் வற்றத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அறிகுறி. சாயமோ, கூலன்டின் (சுற்றில் ஊற்றும் குளிர்விப்புத் திரவத்தின்) வாசமோ, காய்ந்தபின் வெள்ளைப் படிவோ இருந்தால் அது ஒழுகல்தான். இணைப்புகளைச் சரிபார்க்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

ஏர்கான் அறையில வச்சா கார்டு மேல நீர்த்துளி படியுமா?

ஓடிக்கொண்டிருக்கும்போது படியாது. தண்ணீரும் பிளாக்கும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் துளி படியும். கவனிக்க வேண்டிய நேரம் ஒன்றுண்டு. இரவு முழுவதும் ஏர்கானில் அணைந்து கிடந்து 23 டிகிரிக்கு வந்த கணினி இருக்கும் அறையில், மழை நின்ற காலையில் சன்னலை அகலத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று ஏறத்தாழ 26 டிகிரிப் பரப்பிலேயே துளியாகிவிடும். பேரங்காடியிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவது இதனால்தான். அப்படித் திறந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் கணினியை இயக்குங்கள். தண்ணீரை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்கும் சில்லர் இயந்திரத்தை நம் ஊரில் இணைப்பது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

பேட் மாத்தினா வாரண்டி போயிடுமா?

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். திருகின் மேல் ஒட்டியிருக்கும் வில்லையைக் கிழிப்பதற்குமுன் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி ஆறு மாதத்துக்குள் 100க்கு மேல் போகும் புதுக் கார்டை நீங்களே திறக்காதீர்கள். குறையுள்ள பொருள்களுக்காகச் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டத்தின்படி, ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை பொதுவாக வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். திறந்துவிட்டால், குறை உங்கள் கையால் வந்தது என்று விற்றவர் வாதிட இடம் கிடைக்கும்.

எல்லாம் சரியாத்தான் போட்டேன். முதல் மாசம் 76, இப்போ எட்டாவது மாசம் 89. எதைக் கழற்ற?

எதையும் கழற்றும் முன், ரேடியேட்டர் கணக்கில் சொன்ன கழித்தலை இப்போது மூன்று இடத்தில் செய்யுங்கள். தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு கூடியிருந்தால், ரேடியேட்டர் இடுக்கில் தூசி. வீட்டில் சாம்பிராணியும் ஊதுவத்தியும் தினமும் உண்டென்றால் அந்தத் தூசி பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும். கோருக்கும் தண்ணீருக்கும், மெமரிக்கும் தண்ணீருக்கும் ஆகிய இரண்டு வேறுபாடுகளும் சேர்ந்து கூடியிருந்தால், நீரோட்டம் குறைந்திருக்கிறது. பிளாக்கின் நுண்ணிய செப்பு இடுக்குகளில் படிவு அடைத்திருக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இது விரைவில் வரும். நம் குழாய் நீர் குடிப்பதற்குச் சுத்தம்தான். ஆனால் அதில் தாதுக்களும் கிருமி நீக்கும் குளோரமினும் இருக்கின்றன. காய்ச்சி வடித்த நீரும் அரிப்புத் தடுப்பானும், அல்லது தயார்நிலைக் கூலன்டும்தான் ஊற்ற வேண்டும். ஒரே சுற்றில் செம்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் கலந்திருந்தாலும் இதே அடைப்பு வரும்.

மெமரிக்கும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு மட்டும் கூடியிருந்தால் பேட் வற்றியிருக்கிறது, அல்லது பிளாக் திருகு தளர்ந்திருக்கிறது. திருகை முதலில் பாருங்கள். சுற்றிலுள்ள தண்ணீரை வடிக்காமலேயே பார்த்துவிடலாம். இந்தக் கழித்தலைச் செய்ய முதல் நாள் அளவு கையில் இருக்க வேண்டும். பேட் போட்ட அன்றே அறை, தண்ணீர், கோர், மெமரி ஆகிய நான்கு எண்களையும் தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி, கணினிப் பெட்டியின் உள்கதவில் ஒட்டிவிடுகிறேன். எட்டு மாதம் கழித்து வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.